அந்தப் பெட்டிசம் நான் எழுதியது

அன்புள்ள தம்பி,

மூன்று கிழமைக்கு முன் ரெலிபோனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில், ஓம். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். "அம்மா, இஞ்ச ஒரு நோட்டீசில ரெண்டு வரி எடுத்துப் போட்டிருக்கிறாங்கள். உங்கட எழுத்து மாதிரிக் கிடக்கு. நீங்களோ?" என்று கேட்டாய். அடுப்பில் கறி இருக்கிறது, பிறகு கதைப்பம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை எடுத்தாய். இரண்டு தடவையும் அப்பாவோடு மட்டும் பேசினாய். அந்தக் கேள்வியை நீ திருப்பிக் கேட்காமல் விட்டது மரியாதையால் என்று நான் நினைக்கவில்லை. பதில் தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை. மெல்பேணுக்குப் போய், வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும் அலுவலகத்தில் நீ வேலை தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. உன் மேசைக்கு வந்த முதல் பெரிய வழக்கின் கோப்புக்குள் உன் தாயின் வாக்கியம் கிடந்தது. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டு தடவைகூட எடுத்திருக்க மாட்டேன்.

இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். நான் கோபத்தை வெளியே காட்டிப் பழகியவள் அல்ல. வீட்டில் குரல் உயர்ந்தால் அது அப்பாவின் குரலாகத்தான் இருக்கும். நான் எழும்பி யன்னலைச் சாத்துகிறவள். அதனால் இதிலே சில இடங்கள் உனக்குப் பழக்கமில்லாத ஒருத்தி எழுதியதுபோல் இருக்கலாம். இன்னொன்று: இதன் ஒரு படி எங்கள் தமிழ்ச் சங்கம் றோணியோவில் படியெடுக்கும் சஞ்சிகைக்கும் போகிறது. அந்தக் கடிதத்தை எங்கள் எல்லாருடைய பெயரிலும்தான் எழுதினேன். ஆகவே எல்லாரும் இதை வாசிக்க வேண்டும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலதையும் திரும்பச் சொல்கிறேன்.

வழக்கு இதுதான். மெல்பேணில், வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த ஒரு குடும்பம் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தது. மூன்று வாலிபர்கள் அதற்குள் பெற்றோல் போத்தல் எறிந்தார்கள். கடைக்காரரின் இரண்டு கைகளும் எரிந்துபோயின. அந்தக் குடும்பத்தின் சார்பில் நிற்பது உன் அலுவலகம். மூவரும் பிடிபட்டார்கள். இந்த நாடு வெள்ளையருக்கு மட்டுமே என்று சொல்லி, நோட்டீஸ் அடித்து, சுவரில் எழுதி, பிறகு தீ வைக்கிற ஒரு கூட்டத்தின் ஆட்கள் அவர்கள். நாலாவதாக ஒருவரும் குற்றம்சாட்டப்பட்டிருக்கிறார். ஐம்பது வயது, கழுத்தில் டை, அமைதியான பேச்சு. தான் வரலாறு வாசிக்கும் வட்டமொன்றின் செயலாளர் மட்டுமே, இந்தக் கூட்டத்தையோ அதன் நோட்டீஸ்களையோ தனக்குத் தெரியாது என்கிறார். அதை யாரும் பொய்யென்று காட்டாவிட்டால் மூன்று பேரும் சிறைக்குப் போவார்கள், அவர் வீட்டுக்குப் போவார். போய் இன்னும் மூன்று பேரைத் தேடிக்கொள்வார். தம்பி, அவர் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். அவரை எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் முன்னறையில், அப்பாவின் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தவர். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி.

மேற்குப் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளையரல்லாதவரை உள்ளே விடாத கொள்கையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று அரசாங்கம் சொன்ன காலம். சட்டத்திலிருந்து எடுத்ததைச் சிலர் பெயின்ற் வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். முதலில் கடிதப்பெட்டியில் நோட்டீஸ் வந்தது. பிறகு ஒரு காலை எங்கள் வேலியில் சிவப்பு எழுத்தில், கறுப்பர்களே வெளியேறுங்கள் என்று இருந்தது. நீயும் அப்பாவும் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு அழித்தீர்கள். உனக்குப் பதினெட்டு வயது. அழித்து முடித்துவிட்டு, "எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாங்கள் அம்மா, நீங்கள் சந்தோசப்படுவியள்" என்றாய். நான் சிரித்தேன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில், கொழும்பில், இரண்டு வயதான உன்னை மடியில் வைத்து, அழாமல் உன் வாயைப் பொத்திக்கொண்டு, தெருவில் போகிற கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் இறக்கினார்கள். அந்த அனுபவம் ஒரு மனிசியை எரிகிற பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். என்னை அது எரியாத பக்கம் எது என்று தேடத்தான் பழக்கியிருந்தது.

அப்போது கோயில் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் சாமிப் படம் வைத்துத் தேவாரம் பாடுவோம். வேலி எழுத்துக்கு அடுத்த வெள்ளி பக்கத்து ஊரான டூங்கபியில் குலசிங்கம் அங்கிள் வீட்டில் கூடினோம். அவருடைய உண்மையான பெயரை நான் எழுதவில்லை. சஞ்சிகை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வடையும் சம்பலும் முடிந்தபிறகு அவர் பேச்சை எடுத்தார்.

"அவங்கள் எங்களை ஆரெண்டு தெரியாமல் எழுதிப்போட்டாங்கள். நாங்கள் ஆரெண்டு சொல்லவேணும்."

"ஆருக்குச் சொல்லுறது? பெயின்ற் வாளியோட திரியிறவனுக்கோ?" என்று அப்பா கேட்டார்.

"பேப்பருக்கு ஐசே, பேப்பருக்கு. உம்மட மனிசி பேராதனை யூனிவேசிற்றியில வரலாறு படிச்சவ. அவவின்ர இங்கிலிசில ஒரு பெட்டிசம் போட்டால் கவர்னரும் எழும்பி நிண்டு வாசிப்பார்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த நாட்டில் என் பட்டத்தை யாரும் மதிக்கவில்லை. நூலகத்தில் புத்தகங்களைத் தட்டில் திருப்பி அடுக்குவதுதான் எனக்குக் கிடைத்த வேலை. அன்று பதினைந்து பேர் என் ஆங்கிலத்தை நம்பி என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழமை மினக்கெட்டு எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் பெட்டிசம் என்கிற மனு எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் பந்தியில் வணக்கம். இரண்டாம் பந்தியில் எங்கள் தகுதி: படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், சத்தமில்லாதவர்கள். மூன்றாம் பந்தியில், குற்றம் எங்களுடையதல்ல என்று காட்டுவதற்காக, அது யாருடையது என்று பெயர் சொல்லாமல் விரல் நீட்டுவது. நாலாவதில் மறுபடியும் வணக்கம். மூன்றாம் பந்தி இல்லாத பெட்டிசத்தை எங்கள் ஆட்கள் பெட்டிசம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அரசாங்க அதிபரின் கச்சேரிக்கும் கல்விக் கந்தோருக்கும் அப்படித்தான் எழுதினோம். என் கை அந்த முறையிலேயே ஓடியது. "எங்கள் தெருவின் அமைதி குலைந்திருந்தால், அதன் காரணத்தை உழைத்து வாழும் குடும்பங்களிடம் அல்ல, அரசு இலவசமாக வீடு கொடுத்துக் கொண்டுவந்து குடியேற்றியவர்களிடமே தேட வேண்டும்." நீ கோப்பில் பார்த்த இரண்டு வரி இதுதான். எங்கள் தெருவில் அரசாங்கம் கொடுத்த வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ரூபியின் வீடு.

ரூபியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. வீடு இலவசம் அல்ல. அவள் வாடகை கட்டினாள். அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டுப் படிவங்களை அவளுக்கு நிரப்பிக் கொடுத்ததே நான்தான். அப்பாவுக்குப் பொறுமை இல்லாததால் உனக்குக் கார் ஓட்டப் பழக்கியவள் அவள். தன்னுடைய பழைய ஹோல்டன் காரில் உன்னை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்து, படலையில் நின்று என்னைக் கூப்பிடுவாள். அவளுடைய ஆங்கிலத்தை எனக்கு எங்கள் பேச்சில்தான் எழுத வருகிறது: "டீச்சர், உன்ர பெடியன் ஒவ்வொரு சந்தியிலயும் காரை நிப்பாட்டி, வாறவன் போறவனிட்ட எல்லாம் மன்னிப்புக் கேக்கிறான். ஆர் அவனுக்கு இதைப் பழக்கினது?" அவள் வந்தால் குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பேன். நீலக் கோப்பையில். அந்தக் கோப்பை அலுமாரிக்குள் மற்றவற்றோடு இருக்காது. யன்னல் கட்டில் தனியாக இருக்கும். "ஏன் அது மட்டும் அங்க கிடக்குது?" என்று ஒருநாள் கேட்டாய். "அதின்ர பிடி வெடிச்சுப் போச்சு" என்றேன். பிடியில் வெடிப்பு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில், கூலி வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தகரப் பேணி கவிழ்த்து வைத்திருந்தது. கடல் தாண்டி அந்தப் பேணியை நான் கொண்டு வரவில்லை. இங்கே வந்து கடையில் புதிதாக, அழகான நீலத்தில் ஒன்று வாங்கினேன். அதை ஒரு நாளும் நான் யோசித்துச் செய்யவில்லை என்று சொன்னால் அது உண்மை. அது எனக்குச் சாதகமான உண்மை அல்ல.

கடிதம் உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்தது. 'இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள்' என்று போட்டு, எங்கள் வீட்டு விலாசத்தைக் கீழே கொடுத்திருந்தோம். உனக்கு நான் காட்டவில்லை. உனக்குப் பரீட்சைக் காலம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை நீயும் அப்பாவும் வெளியே போயிருந்தபோது அந்த மனிதர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்வாசிகள் சிலரின் சார்பில் நன்றி சொல்ல வந்தேன் என்றார். கோட்டில் ஒரு சின்னம் குத்தியிருந்தது. நோட்டீசின் தலையில் இருந்த அதே சின்னம். ஆளை யாரென்று தெரியாமல் உள்ளே விட்டேன் என்று உனக்கோ நீதிமன்றத்துக்கோ நான் சொல்லப்போவதில்லை. கலியாணத்துக்கு வந்த பூப்போட்ட கோப்பைகளை எடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "மேடம், எங்கள் ஆட்களே இவ்வளவு நன்றாக எழுதுவதில்லை. உங்கள் மூன்றாம் பந்தியை எங்கள் பிரசுரத்தில் எடுத்தாள விரும்புகிறோம். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அச்சில் வந்ததை யாரும் எடுத்தாளலாம், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். பேராதனையில் எங்களுக்குப் படிப்பித்த ஒழுங்கு. வீட்டுக்குள் வந்து இருந்த ஆபத்துக்கு முன்னால் நான் மேற்கோள் விதி பேசினேன்.

ஒரு கிழமையில் தபால் வந்தது. அவருடைய கையெழுத்தில் ஒரு நன்றிக் குறிப்பு, சின்னம் அச்சிட்ட தாளில், முழுப் பெயரோடு ஒப்பம். கூடவே இரண்டு நோட்டீஸ். "இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்று தலைப்பு. கீழே என் வாக்கியம். அதற்குக் கீழே, சொன்னபடியே, பத்திரிகையின் பெயரும் வெளிவந்த நாளும். அதன் பிறகு பத்து நாள்கூட ஆகவில்லை. விடியப் பொழுதில் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. ரூபியின் வீட்டுக்குள் பெற்றோல் போத்தல் எறிந்திருந்தார்கள். நீ முதலில் ஓடினாய். ரூபியின் பிள்ளைகளைப் பின்வழியால் தூக்கி வந்தது நீதான். ரூபி தன் இடது கையை ஈரத் துவாயால் சுற்றிக்கொண்டு எங்கள் குசினிக்குள் வந்து நின்றாள். துவாய்க்கு வெளியே தெரிந்த தோலைப் பார்த்தேன். தண்ணி தா டீச்சர் என்றாள். அலுமாரிக் கதவு திறந்துதான் கிடந்தது. பூப்போட்ட கோப்பைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. என் கை யன்னல் கட்டுக்குப் போனது. எரிந்த கையோடு நின்றவளுக்கு நீலக் கோப்பையில் தண்ணி கொடுத்தேன். அவள் குடித்து முடித்துக் கோப்பையைப் பார்த்தாள், பிறகு அலுமாரியைப் பார்த்தாள். கொண்டுபோய் அது இருந்த இடத்திலேயே, யன்னல் கட்டில், திருப்பி வைத்தாள்.

பொலிஸ் வந்து வீடு வீடாகக் கேட்டது. ஒன்றும் காணவில்லை, யாரையும் தெரியாது என்றேன். குறிப்பு அப்போது என் தையல் பெட்டிக்குள் இருந்தது. ரூபி ஒரு மாதத்தில் வடமேற்கே, ஆற்றோரத்தில் இருந்த தன் ஆட்களிடம் போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை குலசிங்கம் அங்கிள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பாத்தீரே பிள்ளை, எங்களைத் தொடேல்லை. உம்மட பெட்டிசம் வேலை செய்திட்டுது." அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் அல்ல. அவர் சொன்னது சரி என்பதால்.

அந்தத் தெருவில் பிறகு ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. உடைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. மூலை வீட்டு லெபனான்காரர் முன்பக்கம் கதிரை போட்டு இருப்பதை விட்டார். பின்தெருவில் இருந்த ஆதிக்குடிக் குடும்பம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றியது. வெள்ளைக்காரர்களில் ரூபியோடு பழகினவர்கள் எங்களோடு பேசுவதைக் குறைத்தார்கள், தங்கள் பெயரும் யாராவது எழுதிவைத்திருப்பார்களோ என்று. நீ கல்லூரிக்குப் போகிறபோது, ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறாதே என்று நான் சொல்லத் தொடங்கினேன். யாரோ ஒரு போத்தலைக் கொண்டு வந்து ஒரு வீட்டுக்கு எறிந்தார்கள். இருபது வீட்டின் பழக்கம் மாறியது. அவர்கள் கணக்குப் போடுவது அந்த இருபது வீட்டை வைத்துத்தான்.

நான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள்தானே, அடுக்காமல் வாசிக்கத் தொடங்கினேன். கெட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்ற விளக்கம் எனக்கு எப்போதுமே போதவில்லை. அமெரிக்காவின் தெற்கில் அடிமைகளை விடுவித்த போர் முடிந்த கையோடு, தோற்ற படையிலிருந்து வீடு திரும்பிய சிலர் பொழுதுபோக்குச் சங்கமாக ஒன்றைத் தொடங்கினார்கள். முகத்தை மூடித் துணி போட்டுக் குதிரையில் போவது முதலில் விளையாட்டு. பிறகு வாக்குப் போடப் போன கறுப்பரை அடித்தார்கள், கொன்றார்கள். பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள், படிப்பித்தவர்களைத் துரத்தினார்கள். அரசாங்கம் சட்டம் போட்டு ஒருமுறை அடக்கியது. ஐம்பது வருடத்துக்குள் அது இன்னும் பெரிதாக எழும்பி வந்தது. இந்தத் தடவை அதில் பாதிரிமாரும் நீதவான்மாரும் கடைக்காரரும் இருந்தார்கள். பெண்களுக்குத் தனிக் கிளை இருந்தது. குடும்பத்தோடு விருந்து வைத்தார்கள். தலைநகரின் பெருந்தெருவில் முகத்தை மூடாமல் ஊர்வலம் போனார்கள். மூடத் தேவையில்லாமல் போனதுதான் அவர்களுடைய வெற்றி. நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தேவாலயத்துக்குக் குண்டு வைத்துச் சிறுமிகளைக் கொன்றதும் அதே மரத்தின் கிளைதான்.

இந்த நாட்டிலே முகமூடிகூடத் தேவைப்படவில்லை. ஆடு மேய்க்க நிலம் பிடித்தவர்கள் குதிரையில் கூட்டமாகப் போய், அந்த நிலத்துக்குரியவர்களை ஆற்றங்கரைகளில் சுட்டார்கள், மாவில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். ஒரு வழக்கில் மட்டும், கொன்ற வெள்ளையர் ஏழு பேரை நீதிமன்றம் தூக்கிலிட்டது. அதன் பிறகு கொலை நிற்கவில்லை. கொலையைப் பற்றிப் பேசுவதுதான் நின்றது. தங்கம் தோண்ட வந்த சீனரைக் கூடாரத்தோடு கொளுத்தித் துரத்தினார்கள். பிறகு அந்த ஆத்திரத்தையே நல்ல ஆங்கிலத்தில் சட்டமாக எழுதினார்கள். நான் எதை வாசித்தாலும் இரண்டு பேரைக் கண்டேன். ஒருவன் தீ வைக்கிறான். இன்னொருவன், படித்தவன், சத்தமில்லாதவன், மேசையில் இருந்து அதற்கு நியாயம் எழுதுகிறான். இரண்டாமவனின் பெயர் எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் இல்லை. என் பெயரும் இல்லை.

அந்த மனிதர்மேல் எனக்கிருக்கிற கோபத்தைச் சொல்லி முடியாது. நான் கொடுத்த கோப்பையைப் பிடித்த விரல்கள் இப்போது, அந்த வாலிபர்களை அறியேன் என்று சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டிருக்கின்றன. பதின்ம வயதைத் தாண்டாத மூன்று மடையர்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போகப் பார்க்கிறார். ஆனால் தம்பி, அவர் வேறு ஒரு மொழியில் என்னிடம் வரவில்லை. எங்கள் வீட்டில் புழங்கின மொழியில் வந்தார். யார் சுத்தம், யார் அழுக்கு, யாருக்கு எந்தக் கோப்பை என்பது எங்களுக்கு யாரும் வந்து படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் கோயில் வாசலில் பொல்லும் கம்பியும் பிடித்துக்கொண்டு, உள்ளே வரக்கூடாது என்று சொல்லி ஆட்களை அடித்தவர்களில் என் ஒன்றுவிட்ட அண்ணன்மார் இருந்தார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் நியாயம் எழுதின பெட்டிசங்கள் இருந்தன. சஞ்சிகை வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

உன் ரெலிபோனுக்கு அடுத்த நாள் ரூபிக்கு எழுதினேன். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியில் கேட்டு விலாசம் எடுத்தேன். ஐந்து வருடமாக எடுக்க முடியாத விலாசம் அல்ல. ஒரு காலைப் பொழுதில் கிடைத்தது. நடந்தது முழுவதையும், கோப்பை உட்பட, எழுதி மன்னிப்புக் கேட்டேன். நேற்றுப் பதில் வந்தது. அதை உனக்குத் தமிழில் தருகிறேன்.

"டீச்சர், அது நீ எழுதினதெண்டு எனக்கு அப்பவே தெரியும். அந்தத் தெருவில வேற ஆர் அப்பிடி எழுதுவினம்? பேப்பர் வந்த அண்டைக்கே லோண்டரியில ஒருத்தி எனக்கு வாசிச்சுக் காட்டினவள். நீ வந்து சொல்லுவாய் எண்டு நெருப்புக்குப் பிறகும் ஒரு மாதம் பாத்தனான். பிறகுதான் போனனான். எனக்கு மன்னிப்புக் கடிதம் தேவையில்லை. என்ர கையை அது ஒண்டும் செய்யாது. அந்த ஆளின்ர கடதாசி உன்னட்ட இருக்கெண்டால் அதைக் கொண்டுபோய்க் கோட்டில குடு. உன்ர பெடியனுக்கு என்ர அன்பு. இன்னும் சந்திக்குச் சந்தி நிப்பாட்டுறானோ?"

ஒரு மாதம் அவள் பார்த்திருந்தாள் என்பதை நான் நேற்றிலிருந்து சுமக்கிறேன். நெருப்பு விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஏன் இப்ப கிண்டுறீர்? கோட்டில விலாசம் கேப்பாங்கள். அவங்களின்ர ஆக்கள் இன்னும் வெளியில திரியிறாங்கள்" என்றார். அது நியாயமான பயம். நான் மறுக்கவில்லை. சாப்பிடாமல் எழும்பிப் போனார். பின்னேரம் வந்து மேசையில் ஒரு உறையை வைத்தார். மெல்பேண் ரயிலுக்கு ரிக்கெற், ஒன்றல்ல, இரண்டு. "தனியப் போய் நிக்கப் போறீரோ?" என்று மட்டும் கேட்டார்.

வியாழன் காலை ஸ்பென்சர் வீதி நிலையத்தில் இறங்குவோம். குறிப்பு, உறை, இரண்டு நோட்டீஸ், எல்லாம் என் கைப்பையில் வருகின்றன. அரசுத் தரப்புச் சட்டத்தரணியிடம் இன்றே சொல்லிவிடு. நீ இந்த வழக்கில் தொடர்ந்து நிற்பதா விலகுவதா என்பது உன் மேலதிகாரி சொல்வதைப் பொறுத்தது. என்னைக் கேட்டு முடிவெடுக்காதே. ஒன்றை மட்டும் கேட்கிறேன். தாய் என்பதற்காக யாரும் எனக்குச் சலுகை காட்டக் கூடாது. அவருடைய சட்டத்தரணி முதலில் என் பெட்டிசத்தைத்தான் எடுப்பார். "நீங்கள் எழுதியதுதானே? நீங்களும் இதையே நினைத்தவர்தானே?" என்று கேட்பார். அப்போது யாரையும் எழும்பி ஆட்சேபிக்கச் சொல்லாதே. நான் ஓம் என்பேன். அந்த மனிதர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்ததை நான் சொன்னால் கோப்பையையும் சொல்ல வேண்டி வரும். அதையும் சொல்வேன்.

மூன்றாம் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தப் பார்ப்பார்கள். நாலு பந்தியையும் வாசிக்க என்னை விடச் சொல்லிக் கேட்பேன். நானே எழுதியதை நானே, உரத்து, முதல் வணக்கத்திலிருந்து கடைசி வணக்கம் வரை வாசிப்பேன். கடைக்காரர் எரிந்த கைகளோடு அங்கே இருப்பார் என்று அப்பாவிடம் சொன்னாய். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காதென்றும் சொன்னாய். மொழிபெயர்ப்பவர் ஒருவரை அவர் பக்கத்தில் இருத்து. ஒவ்வொரு வரியும் அவருக்குப் போகட்டும். வாசித்து முடிய ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடமும் நீ அந்த அறைக்குள் இரு. வெளியே போய்விடாதே.

அம்மா